அளவுக்காரர் மகளின் காது

எங்கள் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் நின்றவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டோம். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது; அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. ஐந்நூறு தாள் கொண்ட கட்டை மேடையில் ஏற்றி, நான்கு பக்கமும் உள்ளங்கையால் தட்டி, ஒரு கண்ணை இடுக்கி ஓரத்தைப் பார்ப்பார். திருப்தி வந்த பிறகுதான் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்துவார். கத்தி இறங்கி ஏறும். வெட்டிய கட்டு என் மேசைக்கு வரும். நான் பைண்டிங்கில் இருந்தேன். பதினெட்டு வருடம் அவர் வெட்டியதைத் தைத்தும் ஒட்டியும் புத்தகமாக்கினேன். ஒரு தடவைகூட ஓரம் கோணி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதிகம் பேசமாட்டார். எங்கள் ஹாலில் பேசுவதும் சுலபம் இல்லை. நான்கு அச்சு மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் சொல்வதே காதில் விழாது. பாதிப் பேச்சை வாயசைவில்தான் பிடிப்போம். புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு மாதத்தில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பேசும்போதும் மூஞ்சியைப் பார்க்காமல் வாயையே பார்க்கிறோம் என்று பெண்டாட்டியிடம் திட்டு வாங்காதவன் எங்களில் இல்லை.

அவருக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது கையளவே இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நின்றுவிட்டது. பட்டாணிக்கு ஒன்றரை வயதாகும்போது அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், இறந்தவளின் அக்கா, அதாவது பட்டாணியின் பெரியம்மா, குழந்தையின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாளாம். தனக்கு ஏற்கெனவே இரண்டு பையன்கள், மூன்றாவதாக இவளும் வளர்ந்துவிட்டுப் போகட்டும், மெஷினில் நிற்கிற ஆம்பளை ஒருத்தர் பால்குடி மறந்த பிள்ளையை எப்படி வளர்ப்பார் என்று கேட்டாள். கேள்வியில் தப்பே இல்லை. அவர் அந்தப் பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். அதுதான் பதில்.

பெரியம்மா ஊருக்குப் போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "சரி தம்பி, வளருங்க. ஆனா என்னைக்காவது அவ அழுக்குச் சட்டையோட, எண்ணெய் காணாத தலையோட நிக்கிறதைப் பார்த்தேன்னா, கேக்காம தூக்கிட்டுப் போயிடுவேன்."

அந்த வார்த்தை அவருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் குழந்தையை அவர் பார்த்துக்கொண்ட விதத்தை நாங்கள் எல்லோரும் வாய் பிளந்து பார்த்தோம். அச்சகத்துக்கு எதிர் வரிசையிலேயே சின்னக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிற ஒரு பாலர் பள்ளி; காலையில் அங்கே விட்டுவிட்டு வேலைக்கு வருவார். பட்டாணியின் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. இரட்டைப் பின்னல் நடு வகிட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம். நகம் வெட்டி, பல் தேய்த்து, காலணியின் அடிப்பகுதிகூடத் துடைத்து. தாயில்லாப் பிள்ளை மாதிரியே தெரியவில்லை என்று பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது மட்டும் அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை காது. குளிப்பாட்டி, தலை துவட்டி, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் மடியில் படுக்க வைப்பார். இரண்டு முனையிலும் பஞ்சு சுற்றிய குச்சி ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார். காதுக்கு ஒரு குச்சி. உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றி எடுப்பார். பஞ்சில் மஞ்சளாக ஒட்டியிருப்பதைப் பார்த்தால் ஒரு வேலை ஒழுங்காக முடிந்த நிம்மதி. நாளாக ஆக ஞாயிறு போதவில்லை. புதன்கிழமையும் சேர்ந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். குழந்தை நெளிவாள், தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். கெடுதல் செய்கிறோம் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? ஊரில் எல்லார் வீட்டிலும் அந்த டப்பா இருந்தது. என் வீட்டிலும் இருந்தது.

பட்டாணிக்கு நாலு வயது முடிந்தபோது ஒரு மாற்றம் வந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்ட பிறகு நிதானமாகத் திரும்பிப் பார்ப்பாள். தண்ணீர் கொண்டு வா என்றால் துண்டு கொண்டு வருவாள். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாள். குறைத்தால் அருகில் போய் திரையில் மூக்கு இடிக்க நிற்பாள். சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று அவர் முடிவு கட்டினார். அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது என்று என்னிடம் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். வளர வளர இப்படித்தான் என்று நானும் சொன்னேன். அவர் குரல் உயர ஆரம்பித்தது. ஹாலில் கத்திப் பழகியவர், வீட்டிலும் கத்தினார். பக்கத்து வீட்டில் இருந்த தையல்காரப் பெண், அண்ணன் முன்னெல்லாம் இப்படி இல்லையே என்று என் மனைவியிடம் வருத்தப்பட்டாள்.

இனி நான் சொல்லப்போவது நானே கண்ணால் பார்த்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் அச்சக வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். காகித உருளைகள் ஏற்றிய லாரி ஒன்று, உள்ளே நுழைவதற்காகப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. தெருவின் எதிர்ப்புறம் அளவுக்காரர் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் நின்றார். பட்டாணி அவர் கையை விட்டுவிட்டு, தரையில் கிடந்த எதையோ பார்த்துக்கொண்டே தெருவின் நடுவுக்கு வந்துவிட்டாள். லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தாள்.

அவர் கத்தினார். அப்படி ஒரு கத்தலை நான் அவரிடம் கேட்டதில்லை. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். லாரி டிரைவரும் கேட்டுப் பிரேக் போட்டான். அந்தக் குழந்தை மட்டும் திரும்பவில்லை. தரையில் கிடந்ததைப் பொறுக்கி, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டில் மூடி.

அவர் ஓடிப்போய் அவளைத் தூக்கி இழுத்தார். லாரிக்கும் அவளுக்கும் நடுவே மூன்று முழம்தான் இருந்திருக்கும். ஓரத்துக்குக் கொண்டுவந்து இறக்கியதும் கன்னத்தில் அறைந்தார். ஒரே ஒரு அறை. பிறகு குனிந்து, கூப்பிட்டால் நிற்கமாட்டாயா, நிற்கமாட்டாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பட்டாணி அழவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் போய் அவர் தோளைத் தட்டி, "விடுங்க, இனிமே புத்தி வரும்" என்றேன். வருடக்கணக்காக வாயசைவில் பேச்சைப் பிடிக்கிறவன் நான். ஒரு குழந்தை அப்படிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு என் வாயிலிருந்து வந்தது அந்த வார்த்தைதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பாலர் பள்ளி டீச்சர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். சின்ன வயதுப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அறைந்த விஷயம் தெரிந்து கண்டிக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டபடி போனார். டீச்சர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவரை ஜன்னலுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். உள்ளே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து களிமண் உருட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவர்களுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், மிட்டாய் யாருக்கு வேண்டும் என்று கேட்டாள். பதினோரு தலை திரும்பியது. பட்டாணி களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பிள்ளை எழுந்து ஓடுவதைப் பார்த்த பிறகுதான் சுற்றுமுற்றும் பார்த்து எழுந்தாள்.

டீச்சர் வெளியே வந்து சொன்னாள். "அவ சொல்பேச்சு கேக்காத பொண்ணு இல்லைங்க. அவளுக்குக் கேக்கல. காது டாக்டரைப் பாருங்க, இன்னைக்கே பாருங்க."

அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது என்றார் பின்னால் என்னிடம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு மதியம் போய்ச் சேர்ந்தார். டாக்டர் ஒரு அம்மா. முன்னால் எப்போதாவது காதில் சீழ் வடிந்ததா, வலி என்று சொன்னாளா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். எதுவும் இல்லை. விளக்கு வைத்த கருவியைக் காதில் வைத்துப் பார்த்தார். அடுத்த காதையும் பார்த்தார். பிறகு திரும்பி, வீட்டில் காதுக்குள் என்ன போடுவீர்கள் என்று கேட்டார்.

அளவுக்காரர் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாராம். பட்ஸ் போட்டுச் சுத்தம் செய்கிறேன், ஒருநாள் விட்டு ஒருநாள், தவறவிடுவதே இல்லை என்று.

டாக்டர் கோபப்படவில்லை. "காதுக் குறும்பி அழுக்கு இல்லைங்க. தூசி, கிருமி உள்ள போகாம காக்கிறதுக்காக உடம்பே சுரக்கிறது அது. தானா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துடும். நீங்க குச்சியை விடும்போது பஞ்சுல கொஞ்சம் ஒட்டும். மிச்சத்தையெல்லாம் உள்ளதான் தள்ளியிருக்கீங்க. ரெண்டு காதும் கார்க்கு வச்ச மாதிரி அடைச்சிருக்கு" என்றார். இடது காதின் சுவரில் பஞ்சு உரசி ஆறிய கீறல் ஒன்று தெரிகிறது என்றும் சொன்னார்.

அவர் கேட்டது ஒன்றுதான். அப்படியென்றால் எவ்வளவு நாளாக இவளுக்குக் கேட்கவில்லை? உறுதியாகச் சொல்ல முடியாது, சில மாதங்களாக இருக்கலாம் என்றார் டாக்டர். அவர் உட்கார்ந்த இடத்திலேயே விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். குரலை உயர்த்த ஆரம்பித்தது எப்போது என்று அவருக்குத் தெரியும்.

கெட்டியாக இருப்பதை அப்படியே பிடுங்கினால் குழந்தைக்கு வலிக்கும். முதலில் இளக வேண்டும் என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். காலையும் மாலையும், காதுக்கு மூன்று சொட்டு, ஐந்து நாள். புட்டியைக் கையில் மூடி வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். பக்கவாட்டில் படுக்க வைத்து, காது மடலை லேசாக இழுத்துப் பிடித்துச் சொட்டை விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். வெளியே வழிவதை மட்டும் துணியால் துடைக்கலாம். குச்சி, ஹேர்பின், துண்டின் நுனி, எதுவும் உள்ளே போகக்கூடாது. வீட்டில் தண்ணீர் பீய்ச்சக்கூடாது. மெழுகுத் திரி வைத்து உறிஞ்சி எடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் பக்கத்தில் விடக்கூடாது. வலி, காய்ச்சல், சீழ், ரத்தம் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு நேராக வர வேண்டும். ஊறும்போது குறும்பி உப்பும், அதனால் இடையில் இன்னும் கொஞ்சம் கேட்காமல் போகலாம், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் அதையெல்லாம் வெட்டு அளவு குறிக்கிற சின்ன நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைக்காக என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். "நீங்க என்ன பண்ணுவீங்க. அறைஞ்சது உங்க கையா?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று மதியம் மெஷினில் அவரை நிற்க விடவில்லை. ஃபோர்மேனிடம் சொல்லி வேறு ஆளைப் போட்டோம்.

சொட்டு விடுவது லேசாக இருக்கவில்லை. முதல் நாள் மாலை பாயை விரித்ததும் பட்டாணி மூலைக்குப் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "குச்சி வேணாம்ப்பா, குச்சி வேணாம்." அதுவரை ஒருநாளும் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை. நெளிந்திருக்கிறாள், தலையை இழுத்திருக்கிறாள். வாய்விட்டுச் சொன்னால் கேட்பார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியதே இல்லை போலிருக்கிறது.

அவர் அலமாரியில் இருந்த பட்ஸ் டப்பாவை எடுத்து, அவள் பார்க்கும்படி, ஒவ்வொரு குச்சியாக ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அவளும் வந்து இரண்டு மூன்று ஒடித்தாள். பிறகு அவர் பாயில் ஒருக்களித்துப் படுத்தார். எதிரில் அவளும் படுத்தாள். முகத்துக்கு முகம். அப்படிப் படுத்தால் அவர் வாய் அவளுக்குத் தெரியும். மருந்துப் புட்டியை உள்ளங்கையில் மூடி வைத்திருந்து, சூடாகிவிட்டதா என்று அவள் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்று சொட்டு. ஐந்து நிமிடம் ஒரு சோம்பேறி யானையின் கதை, சத்தமே இல்லாமல், உதடு மட்டும் அசைய. அவள் சிரித்தாளாம். ஐந்தாவது நிமிடத்தில் யானை தூங்கிவிடும். திரும்பிப் படுத்தால் அடுத்த காது, அடுத்த யானை.

மூன்றாம் நாள் அவளுக்குச் சுத்தமாகக் கேட்காமல் போனது. தட்டை நழுவவிட்டுக் கீழே போட்டால்கூடத் திரும்பவில்லை. டாக்டர் முன்னாலேயே சொன்னதுதான். ஆனாலும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால் வலது காதின் வாயில் கறுப்பாக ஒரு துணுக்கு எட்டிப் பார்க்கிறது. நகத்தால் பிடித்தால் வந்துவிடும் போலிருக்கிறது. இழுத்தால் மொத்தமும் கூடவே வந்துவிட்டால்? துண்டின் நுனியைத் திரித்துக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பெரியம்மா வந்து நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது அவள் வழக்கம். உள்ளே வந்து பட்டாணியைத் தூக்கி மடியில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும், இதுக்குப் போயா என்று தலையிலிருந்து ஹேர்பினை உருவினாள். தன் இரண்டு பையன்களுக்கும் இதால்தான் எடுத்ததாகவும் ஒரு குறையும் வரவில்லை என்றும் சொல்லிக்கொண்டே குழந்தையின் தலையைச் சாய்த்தாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் குடும்பத்தில் மனைவியின் அக்கா கையை அப்படிப் பிடித்துப் பழக்கமில்லை. அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

"அக்கா, வேணாம். நான் பண்ணினதுதான் இது."

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். குச்சி. ஒருநாள் விட்டு ஒருநாள். கத்தியது. லாரி. அறைந்தது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்குத் தெரிய வழியே இல்லை. சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார்.

பெரியம்மா பட்டாணியின் பின்னலைக் கையில் எடுத்தாள். "கேக்காத பிள்ளையை அடிச்சிருக்கீங்க" என்றாள். அவர், ஆமாம் என்றார். "என் தங்கச்சி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு அதை முடிக்கவில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அவர் வாதாடவில்லை. இன்னும் இரண்டு நாள் சொட்டு இருக்கிறது, அடைப்பை எடுத்து முடிக்கட்டும், பிறகு நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்றார். அந்த இரண்டு நாளும் அவள் அங்கேயே தங்கினாள். மாலையில் யானைக் கதை நடக்கும்போது அடுப்படி வாசலில் நின்று பார்ப்பாள், உள்ளே வரமாட்டாள்.

ஆறாம் நாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பட்டாணி அவர் மடியில். முகத்தை அவர் மார்பில் வைத்து அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். டாக்டர் ஒரு மெல்லிய குழாயை வைத்து மெஷினால் உறிஞ்சி எடுத்தார். அந்த இரைச்சலுக்குக் குழந்தை அரண்டு அழுதாள். நிறுத்தி, ஆற விட்டு, மறுபடி. வலது காதிலிருந்து வந்ததை ஒரு தட்டில் போட்டுக் காட்டினார்கள். புளியங்கொட்டையில் பாதி இருந்தது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இடது காதுக்கு இன்னும் நேரமானது. இரண்டு பக்கமும் செவிப்பறை முழுசாக இருக்கிறது, ஓட்டை இல்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் அவர் மூச்சு விட்டார்.

மேஜையில் இருந்த சீட்டை நர்ஸ் கிழித்தாள். பட்டாணி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். நாற்காலி ஒன்றை யாரோ இழுத்ததற்குத் தோளைக் குறுக்கினாள். அளவுக்காரர், எத்தனையோ மாதப் பழக்கத்தில், கேக்குதாம்மா என்று உரக்கக் கேட்டார்.

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "ஏம்ப்பா கத்துற?" என்றாள்.

அவர் அங்கேயே, டாக்டர் முன்னால், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், குலுங்கிக் குலுங்கி அழுதாராம். பெரியம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆகவில்லை. பேச்சு வளர்கிற வயதில் அத்தனை மாதம் மங்கலாகக் கேட்டதில் அவள் சொற்கள் தேய்ந்திருந்தன. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவாள். 'சட்டை'யும் 'சட்டி'யும் அவள் வாயில் ஒன்று. பள்ளி டீச்சர் தினமும் கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்து பழக்கினாள். வீட்டில் அவர் பழக்கினார், குரலை உயர்த்தாமல். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இடது காதில் கேட்கும் திறனைச் சோதித்தபோது கொஞ்சம் குறைவாக வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது அதுவும் சரியாகிவிட்டிருந்தது.

பெரியம்மா சொன்னபடி கூட்டிக்கொண்டு போனாள். ஆனால் நிரந்தரமாக இல்லை; ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே பள்ளி விடுமுறைக்கு மட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். ஏன் மனசு மாறினாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் விளக்கவில்லை. ஒரு மாதம் அந்த வீட்டில் அவர் தனியாக இருந்தார். மெஷின் அணைந்த பிறகும் ஹாலிலேயே உட்கார்ந்திருப்பார். விடுமுறை முடிந்து பேருந்து நிலையத்தில் இறங்கிய பட்டாணி, வீடு வரும் வரைக்கும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறையும் அப்படியே நடந்தது. பெரியம்மா தன் வீட்டு ஹேர்பின்களைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது என் மனைவி தன் காதைக் குடைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தம் எங்கள் தெருவுக்கே கேட்டது.

அளவுக்காரர் யாருக்கும் புத்தி சொல்லப் போனதில்லை. எங்களில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் பார்க்க வருவார், குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்வார், திருப்பிக் கொடுக்கும்போது மட்டும், காதை வெளியிலிருந்து ஈரத்துணியால் துடைத்தால் போதும், உள்ளே எதுவும் விடாதீர்கள் என்பார். கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்பார். ஏன் என்று கேட்டால் சொல்லுவார், எதையும் மறைக்காமல். லாரி வரைக்கும் சொல்லுவார். கேட்கிறவர்கள்தான் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

பட்டாணிக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளிடமும் சொன்னார். ஊரெல்லாம் தெரிந்த விஷயம் அவளுக்கு மட்டும் வேறு யார் வாயிலிருந்தோ போகக்கூடாது என்று நினைத்தார். பள்ளி முடிந்து வந்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எதிரில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவளுக்கு எதுவும் நினைவில்லை. யானை மட்டும் லேசாக நினைவிருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"அன்னைக்கு நான் அழுதேனாப்பா?"

"இல்லம்மா."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அடிக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்லப்பா."

"கேட்டிருக்கணும்" என்றார் அவர்.

அவள் பையைத் திறந்து வீட்டுப்பாடத்தை எடுத்து, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அவரும் எழுந்து போகவில்லை.